தேரியில போட்ட ஓலை முடிச்சு

ஆமாலே, நான் கோட்டிக்காரன்தான். வயசான பொம்பளைய அக்கினி வெயிலுல தேரி மணல்ல நடக்க விட்ட, புத்தி கெட்ட கோட்டிக்காரன். நேத்து போன்ல நீ சொன்னதுல ஒரு வார்த்தையும் தவறிப் போவல, எல்லாம் காதுக்குள்ளயே கெடக்கு. "அம்மைக்கு மறதி வந்துட்டுப்பா, பக்கத்துல இருக்க உங்களுக்கே அது தெரியல. அடுத்த ஞாயித்துக்கெழம வண்டியோட வாரேன். கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயி பெரிய டாக்டர்ட்ட காட்டணும். பொறவு அம்மை எங்க கூடத்தான் இருப்பா. நீங்க வந்தாலும் சரி, வரலன்னாலும் சரி." நான் "ஏலே"ன்னு வாயைத் தொறக்கதுக்குள்ள டொக்குன்னு வச்சிட்ட. வரலன்னாலும் சரியா? நாப்பத்தேழு வருசமா எங்கூட சண்டை போட்டுக்கிட்டு இருக்க பொம்பளைய, கடையில மறந்து வச்சிட்டுப் போன குடையை எடுக்க வாரவன் மாதிரி ஒரு ஞாயித்துக்கெழம வந்து தூக்கிட்டுப் போயிருவியா?

அதான் கடுதாசி. போன்னா பாதியில வச்சிருவ. கடுதாசியைப் பாதியில வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிச்சாலும் ரெண்டு நாளு கழிச்சு ஒட்டிவச்சுப் படிப்ப, அந்தப் புத்தி உங்க அம்மை வழியில வந்தது. எழுத்துப் பெழை இருந்தா பொறுத்துக்க. அஞ்சாங்கிளாஸோட நின்னவன் நான். ஒவ்வொரு வார்த்தையும் வாய்விட்டுச் சொன்னாத்தான் எனக்கு எழுத வரும். இப்பவும் சொல்லிச் சொல்லித்தான் எழுதுதேன். எதுத்தாப்புல உங்க அம்மை உக்காந்து முருங்கைக் கீரை உருவுதா. வலது கையில மாவுக்கட்டு, இடது கையால உருவுதா. ஒத்தக் கையால உருவுனா காம்பும் கீரையும் சேந்து வருது. நான் உருவித் தாரேன்னு சொன்னதுக்கு, "நீங்க எழுதுற வேலையைப் பாருங்க, எனக்குக் கைதான் ஒடைஞ்சிருக்கு, காது நல்லா கேக்கு"ங்கா. அவ பையைக் கூட கட்டி கட்டில் மேல வச்சாச்சு. இன்னும் ஆறு நாளு கெடக்கு, அதுக்குள்ள பை தயாரு.

முதல்ல உன்னைத் திட்டி முடிச்சிருதேன், பொறவு மத்தது. போன மாசம் சாமி கொடைக்கு நடக்க வந்தியே, அது என்ன வேசம்லே? முதுகுல ஒரு தண்ணிப் பை, அதுல இருந்து வாய்க்கு ஒரு டியூப்பு. ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கவன் எந்திரிச்சு ஓடி வந்த மாதிரி இருந்துச்சு. காலுல பூட்ஸு, தலையில தொப்பி, கண்ணுல கறுப்புக் கண்ணாடி. உன் மாமன் வீட்டு நாய் உன்னைப் பாத்துக் கொலைக்கல, பயந்து கட்டிலுக்கு அடியில போயிட்டு. நான் சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. உன் பொண்டாட்டியும் சிரிச்சா. உனக்கு அங்கனயே மூஞ்சி சிறுத்துப் போச்சு. அதுக்குப் பதிலுக்கு நீ ஒண்ணு சொன்ன பாரு, அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சது. அதுக்கு வாரேன்.

அந்தப் பாதை உனக்குத் தெரிஞ்சதுதான். தெரிஞ்சாலும் நான் சொல்லுத மாதிரி உனக்குத் தெரியாது. உன் மாமன் ஊர்ல இருந்து விடியக்காலம் அஞ்சு மணிக்கு எறங்குனா முதல்ல பனங்காடு. அங்கன இன்னும் குளிர்ச்சி இருக்கும். அதைத் தாண்டுனா தேரி. செக்கச் செவேர்னு மணல் மலை, ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி, எறங்குனா அடுத்தது நிக்கும். ரெண்டு அடி ஏறுனா ஒரு அடி வழுக்கும். ஏழு மணி வரைக்கும் அது மணல், எட்டு மணிக்கு மேல அது அடுப்பு. தேரி முடிஞ்சா உடங்காடு, முள்ளு வேட்டியைப் பிடிச்சு இழுக்கும். அதையும் தாண்டுனா ஒரே அடியா வாழைத்தோப்பு, ஈரக் காத்து, பொறவு ஆறு. சித்திரையில தாமிரபரணியில முழங்கால் தண்ணிதான். வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு எறங்கி அக்கரை ஏறுனா இடிஞ்ச மண்டபம். பாதிக் கல்லு மண்ணுக்குள்ள, பாதிக் கல்லு வேலிக்குள்ள. ஒரு காலத்துல அங்கன வரைக்கும் கடலு இருந்துச்சாம், கப்பல் வந்து நின்னு முத்து ஏத்திட்டுப் போவுமாம். வாத்தியாருமாரு பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து சொல்லுவாவ. இப்ப கடலு கண்ணுக்கே தெரியாத தூரம் போயிட்டு. கப்பல் கட்டுன கல்லுன்னு ஒண்ணு நிக்கும்லா, அதுல கயிறு உரசுன தடம் இன்னும் இருக்கு. நானும் முப்பத்தஞ்சு வருசம் துறைமுகத்துல சரக்குக்குக் கயிறு கட்டுனவன், அந்தத் தடத்தைத் தடவிப் பாக்காம ஒரு வருசமும் வந்ததில்ல. அந்தக் கல்லுக்குப் பக்கத்துலதான் உங்க அம்மை வீட்டுச் சாமி. அங்க பொங்கல் வைக்கதுக்கு நடந்துதான் போவணும்னு அவ வீட்டுக் கட்டு. பொங்கச் சாமான் வண்டியில வரலாம், பொங்க வைக்கவன் நடந்து வரணும்.

தேரியில காலடித் தடம் நிக்காது. காத்து அடிச்சா அரை மணி நேரத்துல முன்னால போனவன் தடம் எல்லாம் மாயம். அதனால முன்னால போறவன், வழி பிரியுத எடத்துல நிக்க இளம் பனை, வடலிம்போம், அதுல ஒரு ஓலையைக் கிழிச்சு, மட்டை நுனியில முடிச்சுப் போட்டு, முடிச்சோட வாலை, போவ வேண்டிய பக்கமா நீட்டி விட்டுட்டுப் போவணும். பின்னால வாரவன் அதைப் பாத்து வரணும். கடைசியா வாரவ அதை அவுத்து எடுத்துட்டு வரணும், இல்லன்னா அடுத்த வாரம் ஆடு மேய்க்க வாரவன் வழி தப்பிருவான். எப்பவும் கடைசியா வாரது உங்க அம்மைதான். நான் போடுதது துறைமுகத்து முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், அவுக்க வராது, அறுக்கத்தான் செய்யணும். "பனைக்கு எதுக்குங்க கப்பல் முடிச்சு"ன்னு ஒவ்வொரு வருசமும் நகம் பேந்து வந்து நிப்பா. அடுத்த வருசமும் அதே முடிச்சைத்தான் போடுவேன். அவ திட்டுதது கேக்க நல்லா இருக்கும்.

இந்த முடிச்சு விளையாட்டை எனக்குக் கத்துக் கொடுத்தவளே அவதான், அது உனக்குத் தெரியுமா? கல்யாணம் முடிஞ்ச மொத சித்திரை. மாமனார் முன்னால போயிட்டாவ. நான் நடுவுல. புது மாப்பிள்ளை, வேட்டி முனையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கேன். இவ எனக்கு முன்னால போயி, அப்பா போட்ட முடிச்சோட வாலைத் திருப்பி வச்சிட்டு, ஒரு மேட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டா. நான் பாட்டுக்கு முடிச்சு காட்டுத பக்கம் போறேன். ஓடையில எறங்கி, முந்திரிக் காட்டுக்குள்ள புகுந்து, திரும்பி, அந்த வடலிக்கே வந்து நிக்கேன். நாக்கு ஒட்டிட்டு. ஒரு மேட்டு மேல இருந்து சிரிப்பு கேக்கு. பாத்தா இவ, முந்தானையை வாயில வச்சு அமுக்கிட்டு. "எவ்வளவு நேரமாளா நிக்க?"ன்னேன். "நீங்க சுத்த ஆரம்பிச்சதுல இருந்து நிக்கேன். நீங்க போற பக்கமெல்லாம் மேல மேலேயே கூட வந்தேன். கூப்பிட்டா கேக்குத தூரந்தான்"ன்னா. அந்தக் கூப்பிடு தூரத்தை நல்லா மனசுல வச்சிக்க. அதை வச்சித்தான் இந்தக் கடுதாசியே எழுதுதேன்.

இதை எழுதும்போது அவளுக்கும் சிரிப்பு வந்துட்டு. "அதெல்லாம் எழுதணுமா அவனுக்கு?"ன்னா. "மறந்திருக்கும்னு பாத்தேன்"னேன். "மறதி வந்தவ நான்தானே, நீங்க எதுக்கு மறக்கீங்க"ன்னு சொல்லிட்டு கீரையைப் பாத்து குனிஞ்சிட்டா.

நான் கேலி பண்ணியே வளந்தவன். கேலி பண்ணியே உன்னையும் வளத்தேன். அதுல ஒண்ணு இன்னும் எனக்குத் தொண்டையில நிக்கு. உனக்கு ஏழு வயசு இருக்கும். உன்னைக் கோதுமைக் கப்பல்ல வந்த மூட்டையில இருந்து எடுத்தேன்னு சொன்னேன். சும்மா, நீ பூரிக்கு அழுதன்னு. நீ அதை உள்ள வச்சிக்கிட்ட. ஒரு வாரம் கழிச்சு துறைமுகம் கேட்ல ஒரு காவக்காரரு என்னைக் கூப்பிட்டு விட்டாவ. போயிப் பாத்தா நீ நிக்க. பள்ளிக்கூடப் பையோட. "இந்தப் பையன் கோதுமைக் கப்பல் திரும்ப எப்ப வரும்னு கேக்கான், அவன் அம்மை அதுல இருக்காளாம்"னாரு. சுத்தி நின்னவன் எல்லாம் சிரிச்சான். நானும் சிரிச்சேன் பாரு, அதுதான் தப்பு. சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டு வரும்போது நீ பள்ளிக்கூடப் பையைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டே வந்த. அன்னைக்கு நான் சைக்கிளை நிறுத்தி, "ஏலே, பொய் சொன்னேன், நீ எங்க பிள்ளைதான்"னு சொல்லிருக்கணும். வீட்டுக்கு வந்து உங்க அம்மைதான் சொன்னா. நான் சொல்ல வேண்டிய தப்பை எல்லாம் அவதான் சொல்லிட்டுத் திரியுதா, அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும். உன் பிள்ளைகிட்ட நீ கேலி பண்ணு. வேண்டாம்னு சொல்ல நான் யாரு. ஆனா அது அழுறதுக்கு முன்னால பொய்யை ஒடைச்சிரு. அழுத பொறவு ஒடைச்சா அதுக்குப் பேரு கேலி இல்ல.

சரி, கொடைக்கு மொத நாளு சாயங்காலத்துக்கு வாரேன். உன் வேசத்தைப் பாத்து நான் சிரிச்சேன்லா. அதுக்கு நீ, மாமன் வீட்டு முத்தத்துல எல்லாரும் இருக்கும்போது, போனைக் கையில தூக்கிக் காட்டிட்டு சொன்ன: "அப்பா, ஓலையைப் பாத்து நடக்க காலமா இது? வானத்துல இருந்து வழி காட்டுது. உங்க முடிச்சை நம்பிப் போனா மனுசன் போய்ச் சேர வேண்டியதுதான்." உன் மாமன் தொடையில தட்டிச் சிரிச்சாரு. அவரு சிரிச்சா எனக்கு ஆவாது, உனக்கே தெரியும். நான் ஒண்ணும் பேசல. நான் பேசாம இருந்தா ஏதோ நடக்கப் போவுதுன்னு உங்க அம்மைக்குத் தெரியும். என்னைப் பாத்தா. நான் வேற பக்கம் பாத்தேன். அப்ப ஏற்பாடு என்ன? நான் முன்னால கிளம்பணும். நீ ஒரு மணி நேரம் கழிச்சு வரணும். மருமவளும் அம்மையும் பொங்கச் சாமானோட வண்டியில வரணும், ஏன்னா அம்மைக்கு முழங்கால் வலி. வீட்டுக் கட்டுக்கு நாம ரெண்டு பேரு நடந்தாப் போதும்னு முடிவு. இதை நல்லா ஞாபகம் வச்சிக்க. நான் கிளம்பும்போது உங்க அம்மை வண்டியில வாரதாத்தான் இருந்துச்சு.

நான் ஒம்பது மணிக்கே மண்டபத்துக்கு வந்துட்டேன். மருமவ வண்டி வந்து நிக்கு. அம்மை எங்கன்னு கேட்டேன். "அத்தை கடைசி நிமிசத்துல நானும் நடக்கேன்னு அவிய கூட கிளம்பிட்டாங்க மாமா, வருசம் தவறக்கூடாதாம்"ன்னா. நான் ஆத்துப் பக்கம் பாத்துக்கிட்டே நின்னேன். ஏன்னு பொறவு சொல்லுதேன். பத்து மணிக்கு ஆத்துல இருந்து நீ ஏறி வார. ஒத்தையில. டியூப்பை வாயில வச்சு உறிஞ்சிக்கிட்டு, போனைப் பாத்துக்கிட்டு, "மூணு மணி நேரம் அம்பது நிமிசம்"ன்னு சொல்லிட்டு வார. "அம்மை எங்கலே?"ன்னேன். "பின்னால வாராப்பா. நீ வேமாப் போ, நான் ஓலையைப் பாத்து வாரேன்னு சொல்லிட்டா"ன்ன. அடிச்சிட்டேன். உன் பொண்டாட்டிக்கு முன்னால, உன் மாமன் மக்களுக்கு முன்னால, அந்தச் சாமிக்கு முன்னால, நாப்பது வயசுக்காரன் கன்னத்துல. "பெத்தவளைத் தேரியில விட்டுட்டு வந்திருக்கியே, நீ மனுசனாலே"ன்னேன். நீ தொப்பியைக் குனிஞ்சு எடுத்த. கண்ணாடி ஒடைஞ்சு கெடந்துச்சு. வந்த வழியே ஆத்துல எறங்கி ஓடுன. நானும் ஓடுனேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காம அந்த மணல்ல அம்மை அம்மைன்னும் ஏளா ஏளான்னும் கத்திக்கிட்டு திரிஞ்சோம். காத்து ஊளையிட்டுச்சு, நம்ம சத்தம் நமக்கே கேக்கல.

மூணு மணிக்கு ஒரு ஆட்டுக்காரரு அவளைத் தோள்ல சாத்திக் கூட்டிட்டு வந்தாரு. "அண்ணாச்சி, மேக்க ஓடையில உக்காந்திருந்தாவ. சரிவுல உருண்டிருக்காவ போல. கை வீங்கிக் கெடக்கு. முந்திரி மரத்தடியில இருந்ததால தப்பிச்சாவ"ன்னாரு. உதடு வெடிச்சு, மூஞ்சி முழுக்க செம்மண்ணு. நீ காலுல விழுந்து கெடந்து அழுத. அவ உன் தலையைத் தடவிக்கிட்டே என்னைப் பாத்தா. உன்னைப் பாக்கல, என்னைத்தான் பாத்தா. பாத்துட்டுச் சொன்னா, "வழி மறந்து போச்சுங்க. சின்னப் பிள்ளையில இருந்து நடந்த வழி, எனக்கு மறந்து போச்சு." நீ அதைப் பிடிச்சிக்கிட்ட. மறதி, மறதின்னு. டாக்டரு மாவுக்கட்டுப் போடும்போதும் அதையே கேட்ட. போன்ல உன் பொண்டாட்டியும் அதையே கேக்கா. இவளும் இந்த ஒரு மாசமா தெனம் ஒரு தடவையாவது அதைச் சொல்லுதா. உப்பு போட்டுட்டு, "போட்டேனா இல்லையான்னு மறந்துட்டுங்க"ன்னு என் மூஞ்சியைப் பாக்கா. கதவைச் சாத்திட்டு, "சாத்துனேனா, எனக்குத்தான் மறதியாச்சே"ன்னு என் மூஞ்சியைப் பாக்கா. நானும், "வயசானா அப்படித்தாம்ளா"ன்னு சொல்லிட்டு வெளிய பாப்பேன்.

சொல்லிட்டு வெளிய பாப்பேன்னு எழுதிட்டு பேனாவை வச்சிட்டேன். "என்ன நின்னுட்டு?"ன்னா. "கை வலிக்கு"ன்னேன். "எனக்குமா வலிக்கல? எழுதுங்க"ன்னா. கீரையையும் உருவாம சும்மா உக்காந்திருக்கா.

எழுதுதேன்லே. எழுதித்தான் தீரணும். நீ அவளைக் கொண்டு போயி ஒரு டாக்டர் முன்னால உக்கார வச்சு, இன்னைக்கு என்ன கெழமை, நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிங்கன்னு கேப்பாங்களாம், உன் பொண்டாட்டி சொன்னா. அவ மூளை கெட்டுப் போச்சான்னு பாக்க. உங்க அம்மைக்கு ஒரு கேடும் இல்ல. அவ வழி மறக்கல. அவ முடிச்சு காட்டுன வழியிலதான் போனா. முடிச்சுதான் பொய். போட்டது நான்.

தேரி உச்சியில ஒத்தப் பனை நிக்கும்லா, அதுக்குக் கீழ வடலி. வலது கைப்பக்கம் எறங்குனா ஆறு. இடது கைப்பக்கம் போனா மேக்க ஓடை. நான் வாலை மேக்க பாத்து நீட்டி விட்டுட்டு வந்தேன். உனக்காகத்தான் போட்டேன். உன் போன்ல டவரு போயிரும், பொறவு ஓலையைத் தேடித்தான் வருவ, ரெண்டு மைலு சுத்திட்டு டியூப்பும் காஞ்சு வந்து நிப்ப, மாமன் முன்னால நான் தொடையைத் தட்டிச் சிரிக்கணும். அவ்வளவுதான் எனக்கு ஆசை. முடிச்சைப் போடும்போதே சிரிச்சிக்கிட்டுத்தான் போட்டேன், கெழட்டு மூதி. உன் போனுக்கு டவரு போவல. உன் போன் சரியாத்தான் காட்டுச்சு. அந்த முடிச்சை நம்புறதுக்குன்னு உலகத்துல மிச்சம் இருந்த ஒரே ஆளு அவ. அவதான் ஏமாந்தா. ஓடை நெடுக நான்தான் முதல்ல தேடுனேன், முந்திரி மரத்தடியில அவ கெடந்தது கண்ணுல படல. கடைசியா வாரவ அவுத்து எடுத்துட்டு வரணும்னு ஒரு மொறை இருக்குல்லா, அதனால நாம தேடிப் போனப்ப வடலியில முடிச்சும் இல்ல. அதைப் பாத்து எனக்கு என்ன தோணுச்சு தெரியுமாலே? அப்பாடான்னு தோணுச்சு. பொண்டாட்டி உசிரோட இருக்காளா இல்லையான்னு தெரியாத நேரத்துல, முடிச்சு இல்லன்னு எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதை எழுதாம விடலாம்னுதான் பாத்தேன்.

உன்னை அடிச்சேன்லா, அது உன்னை அடிச்சது இல்ல. என் கையை நானே அடிச்சிக்க முடியாம உன்மேல போட்டது. உன்மேலயும் தப்பு உண்டு, அதை விட மாட்டேன். முன்னால போன்னு அவ சொன்னா நீ போயிருவியா? சின்னதுல நீ நடக்க மாட்டேன்னு மணல்ல உக்காந்தப்ப, நீங்க போங்கப்பான்னு நீயும்தான் சொன்ன. போனோமா? அம்மையும் பிள்ளையும் போற வேகத்துக்குத்தான் தேரியில நடக்கணும், மணிக்கணக்கு பாக்கக் கூடாது. ஆனா உன் தப்பு ஒரு மணி நேரத் தப்பு. என்னோடது ஒரு மாசத் தப்பு. தெனம் அவ எனக்கு மறதிங்கும்போது, இல்லளா அது நான்தான்னு சொல்ல வாய் வரல. அவளைப் பைத்தியமாக்கி உன் வண்டியில ஏத்தி விடுதது எனக்கு லேசாப் பட்டுது, வாயைத் தொறக்குததை விட. அவ அன்னைக்கு எனக்குச் செஞ்சது கூப்பிடு தூரத்துல நின்னு. நான் செஞ்சது ஆத்தைத் தாண்டி உக்காந்து. அதாம்லே வித்தியாசம். நீ ஞாயித்துக்கெழம வா. வண்டியில கூட்டிட்டுப் போவ இல்ல, என்னை வந்து நாலு வார்த்தை கேட்டுட்டுப் போ. உன் கன்னத்துக்குப் பதிலா என்ன செய்யணுமோ செய்யி. ஆனா அவளை டாக்டர்ட்ட

அவ எந்திரிச்சிட்டா. மடியில இருந்த கீரைச் சொளவைக் கீழ வச்சா. உள்ள போறா. பையை எடுக்கப் போறாளோன்னு பாத்தேன். பை கட்டில் மேலயே கெடக்கு, அதைத் தொடல. சாமி படத்துக்குப் பின்னால கையை விட்டு எதையோ எடுத்தா. "ஏளா, இன்னும் முடிக்கல, முழுசாக் கேட்டுட்டுப் போ"ன்னேன். திரும்பிப் பாக்கல. வாச கேட்டைத் தொறந்தா. கையில இருந்ததைக் கேட்டுக் கம்பியில சொருகி விட்டா. வெளிய எறங்கிட்டா.

நான் எந்திரிச்சுப் போயிப் பாத்துட்டு வந்துதான் இதை எழுதுதேன். நின்னுக்கிட்டே எழுதுதேன். ஓலை. காஞ்சு பழுப்பேறிப் போச்சு. முடிச்சு அப்படியே இருக்கு. என் முடிச்சு. துறைமுகத்து முடிச்சு. அவுக்கல, அறுக்கல, மட்டையில இருந்து அப்படியே உருவிட்டு வந்திருக்கா. ஒடைஞ்ச கையோட, ஓடையில உருண்டு கெடக்கும்போதும் மடியில வச்சிருந்திருக்கா. ஒரு மாசம் சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்திருக்கா. மறதியாம்.

மொத சித்திரையில செஞ்ச மாதிரியே வாலைப் பொய்யா வடக்க பாத்துத் திருப்பி விட்டிருக்கா. அவ போறது தெக்க. மாவுக்கட்டுக் கையை மார்போட அணைச்சுக்கிட்டு, பையவே போறா, தெரு முனை இன்னும் தாண்டல. கூப்பிட்டா கேக்குத தூரந்தான். ஏலே, அவளைக் கூப்பிடணும், நான் பேனாவை